ஐந்தாம் லேன்

"எத்தனை?"

ஞாயிற்றுக்கிழமை நான் ரேஞ்சிலிருந்து திரும்பி, துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டிவைத்த அடுத்த நிமிடம் போன் வரும். வணக்கம், எப்படி இருக்கே எதுவும் கிடையாது. நேராக "எத்தனை?"

"ஐந்நூற்று எழுபத்தாறு."

"கடைசி அட்டையில விட்டியா?"

"ஆமா. தொண்ணூற்று மூணு."

"எட்டு மணிப் பக்கம் போயிருக்குமே. கீழ விரிச்ச விரிப்புல முழங்கை சறுக்கியிருக்கும். நாப்பது குண்டுக்கு மேல நீ விரிப்பைத் திரும்ப அழுத்திவிட மாட்டே. சோம்பேறி."

போனை வைத்துவிட்டு டார்கெட் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏழு ஓட்டைகள் எட்டு மணிப் பக்கம், அதாவது கடிகாரத்தில் எட்டு இருக்கிற இடது கீழ்ப் பக்கம். அவன் கண் அறுவைசிகிச்சை முடிந்து, சொட்டுமருந்து விட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். இங்கே என் முழங்கை சறுக்குவது அவனுக்கு அங்கே தெரிகிறது.

இவனைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பெயர் போட்டால் திட்டுவான். எங்கள் கிளப்பில் அவன் சுடும் இடம் ஐந்தாம் லேன், என்னுடையது நான்காம் லேன். முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான். இருவரும் ரைட் ஹாண்ட் என்பதால், குப்புறப் படுத்தால் என் தலைக்கு வலப்பக்கம் அவன் ஸ்லிங் (ரைபிளைத் தாங்கும் பட்டை) கட்டிய கை தெரியும். உலகத்தில் அதிக நேரம் நான் பார்த்தது எந்த மனிதரின் கையை என்று யாராவது கேட்டால் அந்தக் கையைத்தான் சொல்லவேண்டும். என் மனைவிக்கு இது தெரிய வேண்டாம்.

நாங்கள் சுடுவது .22 ரைபிள், 50 மீட்டர், பிரோன். அதாவது குப்புறப் படுத்துச் சுடுவது. 60 குண்டு, அதிகபட்சம் 600. பார்க்கிறவர்களுக்கு இதைவிட அலுப்பான விளையாட்டு இருக்க முடியாது. தடித்த கோட்டு போட்ட ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அவ்வப்போது சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒருமுறை என் மகள் சின்ன வயதில் பார்க்க வந்து, "அப்பா தூங்கிட்டிருந்தாரு" என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. கண்ணருகே இருக்கிற பின்சைட்டின் ஊசித்துளை வழியே பார்த்தால் குழல் நுனியில் முன்சைட்டின் வளையம், அதற்குள் டார்கெட்டின் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை விளிம்பு. அந்த வெள்ளை சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். ஸ்லிங்கைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டால் மேல்கையின் நாடி ரைபிளுக்கு ஏறிவிடும். வளையம் துடிக்க ஆரம்பிக்கும். உங்கள் இதயம் அடிப்பதை நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள். பத்து என்ற மதிப்பெண் கிடைக்கிற நடு வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொரு வட்டமும் எட்டு மில்லிமீட்டர் தள்ளி. ஒரு நாடித் துடிப்பே குண்டை ஒரு வட்டம் தள்ளிவிடப் போதும்.

நான் கிளப்பில் சேர்ந்த முதல் நாளே அவரைப் பிடிக்கவில்லை. ஆமாம், அப்போது 'அவர்'தான். எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவர், ஆனால் ஒரு வருடம் மூத்தவர்போல நடந்துகொண்டார். "சார், நீங்க டார்கெட்டை நோக்கி ரைபிளைத் தள்றீங்க. தள்ளாதீங்க" என்றார். கேட்காமலே. எனக்கு எரிச்சல். தள்ளாமல் எப்படிக் குறிவைப்பது?

"கண்ணை மூடுங்க. மூச்சை விடுங்க. இப்ப திறங்க. எங்க இருக்கு?"

திறந்தேன். வளையம் என் டார்கெட்டுக்கு ஒரு சாண் வலப்பக்கம் நின்றது. உடம்பு தானாகப் பார்க்கிற இடம் அது. நான் தசையால் இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தேன். இழுத்துப் பிடித்த தசை ட்ரிகர் விடும்போது தளரும், குண்டு அந்தப் பக்கம் ஓடும். இடது முழங்கையை ஊன்றிய இடத்தில் விட்டு, இடுப்பை மட்டும் ஒரு விரற்கடை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். கண்ணை மூடித் திறந்தால் கறுப்பு வளையத்துக்குள் உட்கார்ந்திருந்தது. நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. அந்த மாதக் கடைசிப் போட்டியில் அவரை மூன்று புள்ளியில் தோற்கடித்தேன் என்பது நன்றாக ஞாபகமிருக்கிறது.

அன்றுதான் நோட்டு ஆரம்பித்தது. நூறு பக்கக் கோடுபோட்ட நோட்டு. மாதத்துக்கு ஒரு போட்டி, 60 குண்டு, இரண்டு பேர் மதிப்பெண், ஜெயித்தவர் பெயரில் ஒரு குச்சிக்கோடு. இப்போது ஓடுவது ஐந்தாவது நோட்டு.

நாங்கள் 'டா' போட்டுக்கொள்ள ஆரம்பித்த கதையைச் சொல்லவேண்டும். ஆறு வருடம் 'சார், நீங்க' என்றே ஓடியது. அப்புறம் ஒரு ஆண்டுக் கோப்பைப் போட்டி. காற்று அன்றைக்குக் கிறுக்குப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. .22 குண்டு எடை வெறும் இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். வேகம் ஏறத்தாழ ஒலியின் வேகம்தான். மிதமான குறுக்குக் காற்றே பத்தை ஒன்பதாக்கிவிடும். அதிலும் ஒரு சூட்சுமம்: குண்டு சுழன்றுகொண்டே போவதால் காற்று அதை நேர்ப் பக்கவாட்டில் தள்ளாது. எங்கள் பேரல்கள், அதாவது ரைபிள் குழல்கள், வலச்சுழி. வலமிருந்து காற்று வந்தால் குண்டு பத்து மணிப் பக்கம் ஏறும். இடமிருந்து வந்தால் நாலு மணிப் பக்கம் இறங்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் தங்கள் ட்ரிகரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாவது அட்டை. அட்டைக்குப் பத்து டார்கெட் வட்டம், வட்டத்துக்கு ஒரு குண்டு. ஏழாவது வட்டத்துக்கு வந்தபோது கொடிகள் படபடத்தன. கன்னத்தை ரைபிளிலிருந்து எடுத்து, தலையைத் தூக்கிக் காற்றுக் கொடிகளைப் பார்த்தேன். அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கியது. கன்னத்தை வைத்தேன். வெள்ளை விளிம்பு அற்புதமாக இருந்தது. விட்டேன். அன்றைய தினத்தின் மிகச் சுத்தமான குண்டு. பக்கத்தில் வைத்திருக்கிற தொலைநோக்கி ஸ்கோப்பில் பார்த்தால் என் ஏழாவது வட்டம் காலி.

வலப்பக்கம் அவர் கை அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக ஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

பக்கத்து டார்கெட் ஒன்றேகால் மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. 50 மீட்டர் தூரத்தில் அது ஒன்றரை டிகிரிகூட வராது. தலையைத் தூக்கியபோது உடம்பு லேசாகத் திரும்பியிருக்கிறது. ஊசித்துளைக்குள் பார்க்கும்போது எல்லா வட்டமும் ஒரே வட்டம்தான், லேன் எண்ணா தெரியும்? இதற்குக் கிராஸ்ஃபயர் என்று பெயர். சுட்டவருக்குப் பூஜ்யம். எனக்கு அந்தக் கோப்பை அங்கேயே முடிந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிற்பாடு 2004-ல் ஆறுதல்பட்டேன். ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி (படுத்தும், நின்றும், மண்டியிட்டும் சுடுவது). அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் பெரிய முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டு சுமாராகப் போனாலே தங்கம். தங்கத்துக்குப் போதுமான குண்டைத்தான் விட்டார், பக்கத்து லேன் ஆஸ்திரியக்காரரின் டார்கெட்டில். பூஜ்யம், எட்டாவது இடம். நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நொடி போன் அடித்தது. "பார்த்தியா, உன் சொந்தக்காரன்!" அந்த எம்மன்ஸுக்கு அன்று மாலை ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கத்தரீனா குர்கோவாவைத்தான் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தது இவன்.

சரி, கோப்பைக்கு வருகிறேன். அவருடைய ஏழாவது வட்டத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று அப்பட்டமான பத்து. இன்னொன்று நாலு மணிப் பக்கம் ஒன்பது. எந்தக் குண்டு யாருடையது என்று தீர்மானிக்க முடியாவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு உயர்ந்த மதிப்பெண்ணைக் கொடுப்பது விதி. ரேஞ்ச் ஆஃபீசர் அதைத்தான் எழுதப் போனார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பத்து அவருடையது.

"என்னுடையது நாலு மணி ஒன்பது. நான் ஸ்கோப்ல பார்த்துட்டேன். அப்புறம்தான் இவர் குண்டு வந்துச்சு" என்றார்.

கடைசியில் அவருக்கு 591. மூன்றாவது ஆள் ஒருவருக்கும் 591. டை. கடைசி அட்டையை ஒப்பிட்டார்கள். அந்த ஆளுக்கு 99, இவருக்கு 98. கோப்பை போயிற்று. அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் டையே வந்திருக்காது.

எல்லோரும் போன பிறகு நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் தன் அட்டையை எடுத்துவந்து என் மடியில் போட்டார்.

"டேய், என் வீட்டுக்குள்ள வந்து பத்து போட்டுட்டுப் போயிருக்கேடா. உன் வீட்டுல அப்படி ஒண்ணு போட்டிருந்தா உருப்பட்டிருப்பே."

அன்றோடு 'சார்' போயிற்று. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு ஓட்டைகளையும் சுற்றி ஈயம் உரசிய சாம்பல் வளையம் அப்படியே இருக்கிறது. பழைய தபால் முத்திரை மாதிரி.

இதைப் படித்துவிட்டு அவனை மகான் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருடமே அவன் செய்த வேலையைக் கேளுங்கள். .22 தோட்டாவில் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், என்று ஒன்று உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனால் ஒரு லாட் உங்கள் பேரலில் ஒரே ஓட்டையாகக் குவியும், இன்னொரு லாட் சிதறும். ஏன் என்று பேரலைத்தான் கேட்கவேண்டும். அதனால் நாங்கள் ஐந்தாறு லாட்டில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, சுட்டுப் பார்த்து, பிடித்ததில் மொத்தமாக வாங்கிவைப்போம். அந்த வருடம் அவன் குண்டுகள் அநியாயத்துக்குக் குவிந்தன. மாதத்துக்கு மாதம் 594, 595. எந்த லாட் என்று கேட்டேன். "ஏதோ கிடைச்சது" என்றான். ஒருநாள் அவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். லாட் எண் இருக்கவேண்டிய இடத்தை பிளேடால் சுரண்டியிருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும். உட்கார்ந்து, பொறுமையாக, ஐம்பது ஐம்பது குண்டுப் பெட்டியாகச் சுரண்டியிருக்கிறான்!

இரண்டு மாதம் பேசவில்லை. பக்கத்து லேனில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எளிது. காதில் அடைப்பான் வேறு. சீசன் முடிந்ததும் மிச்சமிருந்த நான்கு பெட்டியை என் பையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆசையாகச் சுட்டுப் பார்த்தேன். என் பேரலில் சல்லடையாகச் சிதறியது. அவனுக்கு இது முன்னாடியே தெரியும் என்பது என் சந்தேகம். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்களுக்குள் பல வருடமாக ஓடும் ஒரு வாக்குவாதம் உண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மூன்று நிலை ரைபிளில் ஆண், பெண் எல்லோரும் ஒரே போட்டியில் சுட்டார்கள். அமெரிக்காவின் லானி பாஷமும் மார்கரெட் மர்டாக்கும் ஒரே அணி, இருவருக்கும் 1162. டையை உடைக்கும் விதிப்படி பாஷமுக்குத் தங்கம், மர்டாக்குக்கு வெள்ளி. பரிசு மேடையில் கீதம் ஒலிக்கும்போது பாஷம் அவரைக் கைகொடுத்துத் தன்னுடைய முதல் படிக்கே ஏற்றி நிறுத்திக்கொண்டார். எனக்கு இதை நினைத்தாலே தொண்டை அடைக்கும். அவன் கட்சி வேறு. "ஏத்தி நிறுத்தினது சரிடா. ஆனா அந்தம்மா மனசுல என்ன ஓடியிருக்கும்? கழுத்துல வெள்ளிதானே?" என்பான். 591-ல் கோப்பையை விட்டவன் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பேச்சை மாற்றிவிடுவோம்.

எலக்ட்ரானிக் டார்கெட் வந்தது. பத்துக்கு மேலும் தசமம் வந்தது: 10.0-லிருந்து 10.9 வரை. அதுவரை பத்து என்றால் பத்து, கோட்டைத் தொட்ட பத்தும் நட்டநடுப் பத்தும் ஒரே ஜாதி. இப்போது என் பத்துகள் எல்லாம் 10.1, 10.2 என்றும், அவனுடையவை 10.6 என்றும் தெரிய வந்தது. அவமானம். எங்கள் கிளப்பில் நாலாம் ஐந்தாம் லேனில் மட்டும் காகித அட்டை தொடர்வதற்கு நான்தான் காரணம், வேறு காரணம் எதுவும் சொன்னால் நம்பாதீர்கள். 2016 ரியோவோடு பிரோன் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அன்று மட்டும் நோட்டில் மதிப்பெண் எழுதாமல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தான். எங்களில் யாரும் ஒலிம்பிக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும்.

கண் விஷயம். ஐம்பது தாண்டினால் முன்சைட் மங்க ஆரம்பிக்கும். பின்சைட்டில் அரை டயாப்டர் லென்ஸ் போட்டுச் சமாளித்தோம். போன வருடம் அவனுக்கு வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. "கறுப்பு சாம்பலாயிடுச்சு, வெள்ளை மஞ்சளாயிடுச்சு" என்றான். அறுவைசிகிச்சையில் வைக்கிற லென்ஸ் தூரப்பார்வைக்கா, கிட்டப்பார்வைக்கா என்று மருத்துவர் கேட்பார் அல்லவா? இவன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நீட்டியிருக்கிறான். கண்ணிலிருந்து முன்சைட் வரை அளந்து வெட்டிய நூல். "டாக்டர், இந்த முனையில கண்ணு. அந்த முனைக்குக் கொஞ்சம் தள்ளித் தெளிவாத் தெரியணும். மத்ததுக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன்." கூடப் போயிருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருத்துவர் நல்ல மனிதர். நூலை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்தார்.

நான்கு மாதம் ஐந்தாம் லேன் காலி. யாரையும் படுக்கச் சொல்லவில்லை, யாரும் படுக்கவுமில்லை. அந்த நான்கு மாதமும் நோட்டில் என் மதிப்பெண்ணை மட்டும் எழுதி, குச்சிக்கோடு போடாமல் விட்டிருந்தேன். திரும்பி வந்த அன்று அவன் முதலில் கேட்டது நோட்டைத்தான்.

"இதென்ன, நாலு கோடு காணோம்?"

"நீ சுடலையே."

"வராதவன் தோத்தவன்தான்டா." பேனாவை எடுத்து என் பெயரில் நான்கு கோடு இழுத்தான். கூட்டிப் பார்த்தோம். எனக்கு 202, அவனுக்கு 209, டை பதினொன்று.

அப்புறம் படுத்தோம். படுக்க இப்போது இருவருக்கும் நேரமாகிறது. முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொன்று, பிறகு கை, ஒரு பெருமூச்சு. வலப்பக்கம் அந்தக் கை வந்து ஊன்றியது. ஸ்லிங் கட்டிய இடத்தில் தோல் சுருங்கியிருந்தது. "உன் டார்கெட் எதுன்னு ஒரு தடவை பார்த்துக்க" என்றான். ஒவ்வொரு மாதமும் சொல்வதுதான்.

முடிந்தபோது எனக்கு 577. அவனுடைய ஐந்து அட்டையைக் கூட்டிவிட்டோம். ஆறாவதில் ஒரே ஒரு ஓட்டை சந்தேகம். பத்தா, ஒன்பதா? ஒன்பது என்றால் 577, டை. பத்து என்றால் 578. அவன் அட்டையை நானும் என் அட்டையை அவனும் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். குண்டு பட்ட இடத்தில் காகிதம் கிழிந்து சுருங்கிவிடும், கண்ணை நம்ப முடியாது. அதற்கென்று கேஜ் உண்டு. ஓட்டையில் செருகினால் அதன் விளிம்பு குண்டின் அகலத்தைக் காட்டும். விளிம்பு கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண். ஒரே தடவைதான் செருகலாம், இரண்டாவது தடவை ஓட்டை பெரிதாகிவிடும்.

செருகினேன். பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தேன். விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளை இருக்கிற மாதிரி இருந்தது. அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இல்லாத மாதிரியும் இருந்தது.

"என்னடா, உனக்கும் புரையா?"

"சும்மா இரு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். தொட்டிருந்தது. மயிரிழை, ஆனால் தொட்டிருந்தது.

"பத்து" என்றேன்.

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து 578 என்று எழுதி, தன் பெயரில் கோட்டை இழுத்தான். மற்றக் கோடுகளைவிடக் கொஞ்சம் நீளமாக.